தீமையின் பெயர்கள்

(சொற்பொருள் பாடம்)



சென்ற மழைக்காலத்து ஞாயிறு மாலை ஒன்றில், மட்டாஞ்சேரியில் யாம் நடத்திவரும் சிறு வாசிப்பு வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குகின்றோம். பேச்சு பழைய துறைமுகக் காலத்தைப் பற்றித் திரும்பியது. எண்பது வயதை நெருங்கும் உபாசிகை ஒருவர் தம் தந்தையாரை நினைவுகூர்ந்தார். “விடியுமுன்னே அப்பா சாப்பா பிடிக்கப் போவார் ஐயா. கிடைத்தால் சோறு, கிடைக்காவிட்டால் கஞ்சித் தண்ணீர். என்ன செய்வது? அவர் செய்த பாவம், எங்கள் தலையெழுத்து” என்றார். வகுப்பிலிருந்த இளைஞர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், “அது தலையெழுத்து இல்லை பாட்டி, அநியாயம்” என்றார். அம்மூதாட்டியார் அவரை நோக்கி, “சரி தம்பி, அநியாயம் என்றால் செய்தவன் ஒருவன் இருக்கவேண்டுமே. யார்? என்ன செய்தான்? சொல்” என்று கேட்டார்.

இளைஞர் விடை கூறாது எம்மைப் பார்த்தார். எமக்கும் உடனே விடை தோன்றவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொரு சொல்லை வைத்தோம். ஆனால் வைத்த சொல்லின் பொருளை நாமே அறிந்திருக்கவில்லை. அன்றிரவு தொடங்கி யாம் எண்ணியும் படித்தும் கண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகின்றோம்.

1. பெயரிடுதல் ஏன் வேண்டும்?

நோய்க்கு மருந்து தேடுமுன் நோயின் பெயரை அறிதல் வேண்டும். வயிற்று வலிக்குத் தலைவலித் தைலம் பூசினால் தைலமும் வீண், வலியும் தீராது. ததாகதரின் சங்கத்தில் இவ்வுண்மை நன்கு உணரப்பட்டிருந்தது. பிக்குகள் உபோசத நாளில் கூடித் தத்தம் குறைகளை வெளிப்படுத்தும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே எல்லாக் குறைகளையும் ‘பாவம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடவில்லை. சங்கத்தினின்று நீக்கத் தக்கதற்குப் பாராஜிகம் என்றும், சங்கம் கூடித் தீர்க்கத் தக்கதற்குச் சங்காதிசேசம் என்றும், வெளிப்படுத்திக் கழிக்கத் தக்கதற்குப் பாசித்தியம் என்றும், சிறு குறைக்குத் துக்கடம் என்றும் பெயர்கள் வகுத்தனர். துக்கடம் என்பதன் பொருள் ‘செம்மையாகச் செய்யப்படாதது’ என்பதே. பெயர் வேறானால் தீர்வும் வேறாகும். பெயர் தவறினால் சிறு குறைக்குப் பெருந்தண்டமும், பெருங்கொடுமைக்குச் சிறு மன்னிப்பும் கிடைத்துவிடும்.

எண்வகை மார்க்கத்துள் நல்வாய்மை ஒன்றாக வைக்கப்பட்டதும் இதுபற்றியே என யாம் கருதுகின்றோம். பொய் சொல்லாதிருத்தல் மட்டும் நல்வாய்மை ஆகாது. உள்ளதை உள்ளவாறு குறிக்கும் சொல்லைத் தேடி எடுத்தலும் அதனுள் அடங்கும்.

2. பிழை, தவறு, குற்றம்

இம்மூன்று சொற்களையும் நாம் ஒன்றுபோல் வழங்குகின்றோம். அவை ஒன்றல்ல.

பிழைத்தல் என்பது குறி தப்புதல். எய்த அம்பு இலக்கைத் தொடாது போனால் பிழைத்தது என்பர். அம்பு பிழைத்தால் மான் பிழைக்கும். ஆகவே, தப்பி உயிர் வாழ்தலும் பிழைத்தல் ஆயிற்று. உயிர் வாழச் செய்யும் தொழில் பிழைப்பு ஆயிற்று. மலையாளத்திலோ ‘பிழ’ என்பது தண்டத் தொகைக்கும் பெயர். இங்குள்ள நம் மக்கள் ‘பிழை கட்டினேன்’ என்று சொல்வது அவ்வழக்கைத் தழுவியதே.

தவறுதல் என்பது நிலை வழுவுதல், கை நழுவுதல். படியில் கால் தவறும். கையிலிருந்து பாத்திரம் தவறும். இவ்விரு சொற்களிலும் எண்ணம் இல்லை. செய்தவர் வேறொன்றை நாடினார், நேர்ந்தது வேறொன்று என்பதே இவற்றின் கருத்து.

குற்றம் அத்தகையதன்று. ஒரு கடமையோ விதியோ இருந்து, அதை ஒருவர் மீறியபோது அல்லது செய்யாது விட்டபோது எழுவது குற்றம். தவறு என்று சொன்னால் அடுத்து வருவது இரக்கம். குற்றம் என்று சொன்னால் அடுத்து வருவது விசாரணை.

இவ்வேறுபாட்டை யாம் நூலில் கற்கவில்லை. விரலைக் கொடுத்துக் கற்றோம். இருபத்திரண்டாம் வயதில் ஒரு பஞ்சாலையில் பதிலித் தொழிலாளியாக இருந்தோம். நிலையான வேலையாள் வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும்; மற்ற நாளில் வாயிலில் நின்று திரும்பவேண்டும். யாம் நின்ற இயந்திரத்தின் பல்சக்கர மூடி பல நாட்களாகக் கழற்றிக் கிடந்தது. எல்லாரும் அறிவர், எவரும் மாட்டவில்லை. ஒருநாள் இடக்கையின் இரு விரல்களைச் சக்கரம் எடுத்துக்கொண்டது. கட்டுப்போட்ட கையுடன் நின்ற எம்மிடம் ஒரு தாளை நீட்டினர். எமக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும். ‘என் கவனத் தவறுதலால் நேர்ந்தது’ என்று அதில் எழுதியிருந்தது. தவறுதலாகத்தானே நேர்ந்தது, வேண்டுமென்றா கையை விட்டோம் என்று எண்ணிக் கையெழுத்திட்டோம்.

எம்முடன் பணிசெய்த முதியவர் ஒருவர் மாலையில் அதைக் கேட்டு, “தம்பி, இரண்டு விரல் போனது சக்கரத்தில், மிச்ச உரிமை போனது அந்த ஒரு சொல்லில்” என்றார். மூடியை மாட்டாது விட்டவரின் குற்றம், மாட்டப்படாத இயந்திரத்தில் நின்றவரின் தவறாக எழுதப்பட்டுவிட்டது. யாம் தமிழ் படிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

3. முறை, அக்கிரமம், அநியாயம்

‘முறை’ என்ற தமிழ்ச் சொல்லைச் சற்று நின்று நோக்குங்கள். கிணற்றடியில் ‘இது என் முறை’ என்றால் அடுத்தடுத்து வரும் வரிசை என்று பொருள். ‘முறைப்படி செய்’ என்றால் ஒழுங்கு என்று பொருள். ‘என்ன முறை வேண்டும்’ என்றால் உறவு என்று பொருள். ‘மன்னன் முறை செய்தான்’ என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். துன்பப்பட்டவர் தம் குறையை எடுத்துரைப்பதற்கும் ‘முறையிடுதல்’ என்றே பெயர். வரிசையும் உறவும் நீதியும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது வியப்பன்றோ! தன் முறை வரும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு இருக்கும்வரை அவன் பசியையும் பொறுப்பான். முறையே இல்லை என்னும்போது உறவும் அறுகின்றது, நீதியும் அறுகின்றது.

வடமொழி வழி வந்த ‘அக்கிரமம்’ என்பதும் இதனையே கூறுகின்றது. கிரமம் என்றால் வரிசை. கிரமம் அற்றது அக்கிரமம். தமிழில் நாம் இதைப் பெருங்கொடுமை என்ற கருத்தில் வழங்குகின்றோம். மலையாளப் பத்திரிகையில் ‘அக்ரமம்’ என்று கண்டால் அடிதடி, வன்செயல் என்று கொள்ளவேண்டும். ‘அநியாயம்’ என்பது நியாயம் அல்லாதது. இங்குள்ள நீதிமன்றங்களிலோ வழக்குத் தொடுப்பவர் கொடுக்கும் மனுவுக்கே ‘அன்யாயம்’ என்று பெயர், கொடுப்பவர் ‘அன்யாயக்காரன்’. தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர் அதைக் கேட்டால், அநியாயம் செய்தவர் என்று நினைத்து மயங்குவர். அநியாயத்தைச் சுமந்து மன்றத்துக்கு வந்தவர் என்பதே அதன் கருத்து.

இனி, அம்மூதாட்டியாரின் தந்தையார் போன பாதையைக் காண்போம். கொச்சித் துறைமுகம் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் ஆழப்படுத்தப்பட்டு, 1928ஆம் ஆண்டு ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைக்குள் வந்தது. தோண்டிய மண்ணிலிருந்து வில்லிங்டன் தீவு எழுந்தது. கப்பல்கள் பெருகின; சுமை தூக்க ஆட்களும் பெருகினர். ஆனால் அவர்களுக்கு நிலையான பதிவு இல்லை. காலையில் கூடிநிற்கும் கூட்டத்தை நோக்கி ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசுவார். அவ்வில்லைக்கே சாப்பா என்று பெயர். முத்திரை, அடையாளம் என்பது அதன் பொருள். பாய்ந்து பிடித்தவருக்கு அன்று வேலை உண்டு. பிடிக்காதவருக்கு இல்லை. ஒரே குடிசை வரிசையில் வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளி, மிதித்து, கையைப் பிரித்துப் பறிக்கவேண்டியதாயிற்று.

இதற்கு என்ன பெயர் வைப்பது? வீசியவர் எவரையும் அடிக்கவில்லை. ஆகவே வன்செயல் என்று சொல்ல அவர் விடமாட்டார். வேலையை எவருக்கும் மறுக்கவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தானே வீசினேன் என்பார். உண்மையில் அவர் எடுத்துக்கொண்டது முறையை. யாருக்கு எப்போது வேலை என்ற வரிசையை அழித்து, அவ்விடத்தில் ஒரு பாய்ச்சலை வைத்தார். எனவே இதன் சரியான பெயர் முறைகேடு. வடசொல்லால் கூறின், அச்சொல்லின் மூலப்பொருளிலேயே அக்கிரமம்.

இம்முறைகேடு கொச்சிக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் துறைமுகத்திலும் காலைதோறும் தொழிலாளர் வாயிலில் முண்டியடித்து, மேற்பார்வையாளர் சுட்டுவிரலால் பொறுக்கியெடுக்கும் வழக்கம் இருந்தது. 1889ஆம் ஆண்டு அங்கே நிகழ்ந்த பெருவேலைநிறுத்தம் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டது. கூலியோடு மனிதன் என்ற மதிப்பையும் கேட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டு துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. கொச்சிக்கு அதன் பயன் உடனே வந்து சேரவில்லை. 1953ஆம் ஆண்டு இங்குள்ள தொழிலாளர் சாப்பாவை எதிர்த்து வேலை நிறுத்தினர். அப்போது இது திருவிதாங்கூர் கொச்சி மாநிலம். செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் தொழிலாளர் மீது சுட்டனர். அப்போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்றணி என்னும் மூவர் உயிர் இழந்தனர். 1959ஆம் ஆண்டு கொச்சித் துறைமுகத் தொழிலாளருக்கான திட்டம் வந்து, பதிவேடும் முறைவேலையும் வேரூன்றி, சாப்பா மறைந்தது.

இங்கே இலக்கணம் ஒன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று எழுதினால் சூடு தானே எழுந்து நடந்ததுபோல் ஆகும். ‘தொழிலாளர் சுடப்பட்டனர்’ என்றால் பட்டவர் தெரிவர், சுட்டவர் மறைவர். ‘போலீசார் சுட்டனர்’ என்றால் எழுவாய் தன் இடத்தில் நிற்கும். எழுவாயை எடுத்துவிட்டால் குற்றம் வெறும் நிகழ்ச்சியாகிவிடும். நாம் எழுதும் மனுவிலும், பேசும் பேச்சிலும் முதலில் தேடவேண்டியது எழுவாயை.

4. கொடுமை, சுரண்டல், தீண்டாமை

‘கொடு’ என்ற அடிக்கு வளைவு என்று பொருள். வளைந்த வாள் கொடுவாள். அரசன் கையிலுள்ள கோல் நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். பழைய உரையாசிரியர்கள் இம்மேற்குக் கரையின் பேச்சையும் கொடுந்தமிழ் என்றே குறித்தனர். வளைந்த தமிழ் என்பதே அங்கே கருத்து. ஆக, கொடுமை என்பதன் உட்பொருள் நேரானதை வளைத்தல். ஆளவேண்டிய கோலை, காக்கவேண்டிய சட்டத்தை, அளக்கவேண்டிய படியை வளைப்பவரே கொடியர். அதிகாரம் உள்ளவரிடத்தில்தான் கொடுமை பிறக்கும். வறியவர் பசியால் ஒன்றைத் திருடினால் அது களவு. அதைக் கொடுமை என்று எவரும் சொல்வதில்லை.

‘சுரண்டல்’ என்பது பழைய செயலுக்குப் புதிய பெயர். பாத்திரத்தின் அடியை நகத்தாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாக வழித்தெடுப்பது சுரண்டுதல். கொள்ளையடிப்பவர் ஒரே இரவில் எடுத்துச் செல்வார், ஊரே அலறும். சுரண்டுபவர் நாள்தோறும் சிறிது எடுப்பார், பாத்திரத்துக்கே தெரியாது.

‘தீண்டாமை’ என்ற சொல்லை நாம் எவ்வளவு முறை கேட்டிருக்கின்றோம்! அதைப் பிரித்துப் பார்த்தோமா? தீண்டாமை என்பது தீண்டாதிருக்கும் செயல். அச்செயலைச் செய்பவர் தீண்ட மறுப்பவர். அப்படியிருக்க, அந்த இழிவு மறுப்பவர் மேல் ஏறாமல், மறுக்கப்பட்டவர் மேல் எப்படி ஏறிற்று? இந்நாட்டில் வழங்கிய ‘அயித்தம்’ என்ற சொல் இன்னும் கேடானது. தூய்மையின்மை என்பது அதன் மூலப்பொருள். செய்பவரின் குற்றத்தைப் படுபவரின் அழுக்காக மாற்றிய சொல் அது.

1913ஆம் ஆண்டு கொச்சி நாட்டுப் புலையர் மக்கள் கூட்டம் கூட நிலம் கிடைக்காமல், எறணாகுளத்துக் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நீரின்மேல் மாநாடு நடத்தினர். பண்டித கருப்பன் அவர்கள் அவர்களுக்குத் துணைநின்றார். அயித்தம் என்ற சொல்லின்படி பார்த்தால், நிலம் அழுக்காகாமல் காக்கப்பட்டது. உள்ளபடி பார்த்தால், மனிதருக்கு நிலம் மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்று வகுத்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்கின்றோம். வழக்கம் என்று இருந்தது குற்றம் என்றும், பின்னர் வன்கொடுமை என்றும் பெயர் பெற்ற வரலாறு இது. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கின்றது.

5. தீமையை மறைக்கும் சொற்கள்

இதுவரை தீமையைக் காட்டும் சொற்களைக் கண்டோம். தீமையை மறைக்கும் சொற்களும் உள. அவற்றுள் தலையாயது நம் மூதாட்டியார் கூறிய ‘பாவம்’.

தமிழில் தீச்செயலுக்கும் பாவம் என்கிறோம். துன்பப்படுபவரைக் கண்டு ‘ஐயோ பாவம்’ என்றும் இரங்குகிறோம். செய்தவருக்கும் பட்டவருக்கும் ஒரே சொல்! மலையாளத்தில் எழுத்தே வேறு. தீச்செயல் ‘பாபம்’, ஏழை எளியவர் ‘பாவம்’. நம் மொழியில் இரண்டும் கலந்து நிற்பதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் ஒளிந்திருக்கின்றது என்று யாம் அஞ்சுகின்றோம். துன்பப்படுபவர் முன்னம் தீமை செய்தவராக இருக்கவேண்டும் என்பதே அவ்வெண்ணம். ‘விதி’, ‘தலையெழுத்து’, ‘ஊழ்’ என்பனவும் இதன் உடன்பிறப்புகள்.

பௌத்தர்களாகிய நாம் இங்கே மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். ஏனெனில், ‘வினைப்பயன்’ என்பது நம் நெறியின் சொல்லும் ஆகும். பழைய வீட்டை விட்டு வந்தோம். ஆனால் பழைய வீட்டுச் சாமானைப் புதிய வீட்டுப் பெயர் எழுதி எடுத்துவந்துவிட்டோமோ என்று பார்க்கவேண்டும். மோலிய சீவகன் என்பவர் பகவனிடம், மனிதர் அடையும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையினாலேயே என்று சிலர் கூறுகின்றனரே என்று வினவியதாகச் சங்யுத்த நிகாயம் கூறும். பகவன் அதை ஒப்பவில்லை. பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துக்காட்டினார். எட்டில் ஒன்றே வினைப்பயன். அங்குத்தர நிகாயத்திலோ, எல்லாம் முன்வினை என்பதும், எல்லாம் படைத்தவன் செயல் என்பதும், எதற்கும் காரணமே இல்லை என்பதும் மனிதனைச் செயலற்றவனாக்கும் மூன்று கொள்கைகள் என்று விலக்கினார்.

அன்றியும், எண்ணிச் செய்யும் செயலே வினை என்பது பகவனின் போதனை. ஆகவே சாப்பா வீசப்பட்ட காலையில் வினை செய்தவர் யார்? வீசியவர். வீசச் சொன்னவர். அதனால் வயிறு நிறைந்தவர். பிடிக்க ஓடியவரின் முற்பிறப்பை ஏன் தேடவேண்டும்? கண்முன் நிற்கும் வினையாளரை விட்டுவிட்டுக் காணாத பிறவியில் குற்றவாளியைத் தேடுவது பொல்லாக் காட்சி அன்றோ! மணிமேகலையில் அறவண அடிகள் உணர்த்தும் பத்துத் தீமைகளுள், உள்ளத்தில் எழும் மூன்றில் ஒன்றாக வைக்கப்பட்டது பொல்லாக் காட்சி. உடலால் மூன்று, சொல்லால் நான்கு, உள்ளத்தால் மூன்று என்று அவர் பகுத்தார். கொலையும் களவும் கையில் தொடங்குவதில்லை. பிறர் பொருளை விரும்பும் வெஃகலிலும், வெகுளியிலும், பிறழ்ந்த காட்சியிலும் தொடங்குகின்றன.

6. அகதி

கடைசியாக ஒரு சொல். ‘அகதி’ என்று தமிழில் கூறினால் போக்கிடம் இல்லாதவர் என்று பொருள். நாட்டை இழந்து வந்தவரை அவ்வாறே அழைக்கின்றோம். மலையாளத்தில் நாடிழந்தவருக்கு ‘அபயார்த்தி’ என்று பெயர். ‘அகதி மந்திரம்’ என்றால் ஆதரவற்றோர் இல்லம். பாலி மொழியிலும் ‘அகதி’ உண்டு. அங்கே அதன் பொருள் போகத் தகாத போக்கு, நெறி தவறிய நடை. சிகாலன் என்னும் இளைஞனுக்கு உபதேசித்தபோது பகவன் நான்கு அகதிகளைக் கூறினார். விருப்பத்தால் செல்லும் சந்தாகதி, பகையால் செல்லும் தோசாகதி, மயக்கத்தால் செல்லும் மோகாகதி, அச்சத்தால் செல்லும் பயாகதி என்பன அவை. அநீதி செய்வோர் எல்லாரும் இந்நான்கு வாயில்களில் ஒன்றின் வழியே நுழைகின்றனர். கோவலன் வழக்கை ஆராயாது தீர்த்த பாண்டியன் மயக்கத்தின் வாயிலில் நுழைந்தவன்.

இரு மொழிகளின் இச்சொல்லை அருகருகே வைத்தால் ஒரு பேருண்மை புலப்படும். ஒருவர் அகதியில் நடக்கும்போது, மற்றொருவர் அகதி ஆகின்றார்.

இதைக் கற்றபோது எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. விரல் இழந்த பின்னரும் ஆலையில் தொடர்ந்த யாம், சில ஆண்டுகளில் மேஸ்திரி ஆனோம். பதிலிகளைப் பொறுக்கும் அதிகாரம் எம் கைக்கு வந்தது. எம் ஊர்க்காரர் ஒருவரும், வேறோர் ஊர்க்காரர் ஒருவரும் நாள்தோறும் வாயிலில் நிற்பர். முன்னே வந்து நின்றவர் மற்றவர், முறை அவருடையது. யாம் எம் ஊர்க்காரரையே அழைத்தோம். ஒருநாள் இரண்டு நாள் அன்று. ஒரு மாதத்துக்கு மேல். மற்றவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. அவர் எங்கே போனார் என்று யாம் விசாரிக்கவும் இல்லை. அச்செயலுக்கு அன்று எம் உள்ளத்தில் இருந்த பெயர் ‘உதவி’. ஊர்க்காரனுக்கு உதவினோம் என்றே பெருமை கொண்டிருந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் சிகாலோவாத சூத்திரத்தைப் படித்தபோது, அதன் உண்மைப் பெயர் சந்தாகதி என்று கண்டோம். யாம் வில்லையை வீசவில்லை, சுட்டுவிரலை நீட்டினோம். அவ்வளவே வேற்றுமை. எமக்கு நேர்ந்ததைக் குற்றம் என்று பெயரிடக் கற்ற யாம், எம்மால் நேர்ந்ததற்கும் அப்பெயரைச் சூட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

அதே உபதேசத்தில் வேலை கொடுப்போரின் ஐந்து கடமைகளும் கூறப்பட்டுள்ளன. வலிமைக்கு ஏற்ப வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயில் பேணுதல், நல்ல பண்டத்தைப் பகிர்தல், காலத்தில் ஓய்வு விடுதல் என்பன அவை. வலிமைக்கு ஏற்ற வேலை என்பது முதலில் நிற்கின்றது. சாப்பாவோ வலிமை உள்ளவருக்கே வேலை என்றது. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன; ஆனால் முன்னது மெலிந்தவரையும் காக்கும், பின்னது அவரை மிதிக்கும்.

7. ஓர் எச்சரிக்கை

பெயரிடக் கற்றோம் என்று எல்லாவற்றுக்கும் பெரும் பெயர் இடலாகாது. அண்டை வீட்டார் நீர்க்குழாயில் நம் முறையைத் தவறவிட்டால் அது தவறு; அதை வன்கொடுமை என்று கூவினால், உண்மையான வன்கொடுமை நிகழும் நாளில் அச்சொல் தேய்ந்துபோயிருக்கும். மிகைச்சொல் பொய்யின் தம்பி. கடுஞ்சொல்லும் பத்துத் தீமைகளில் ஒன்று என்பதை மறவாதீர்கள். சிறியதைச் சிறியதாகவும் பெரியதைப் பெரியதாகவும் சொல்பவரின் சொல்லே மன்றத்திலும் நிற்கும், மனத்திலும் நிற்கும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் சில வாரங்களுக்குப் பின் வகுப்பில் விளக்கினோம். மூதாட்டியார் இறுதிவரை பேசாதிருந்தார். எல்லாரும் எழுந்தபோது, “அப்படியென்றால் ஐயா, அப்பாவுக்கு முறை இருந்தது; அதை எடுத்துக்கொண்டார்கள். அவர் பாவம் செய்யவில்லை” என்றார். பிறகு, “அம்மா சாகும்வரை அவர் பாவம் செய்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்” என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. ஒரு சொல் வரவேண்டிய காலத்தில் வராமற்போனால், வீட்டுக்குள்ளேயே ஒரு நல்லவர் குற்றவாளியாகி விடுகின்றார். அப்பழி நம் வீடுகளில் இனியேனும் தொடராதிருப்பதாக.

பயிற்சி

துன்பம் ஒன்றைக் குறித்துப் பேசுமுன் அன்பர்கள் கீழ்வரும் ஐந்து வினாக்களைத் தமக்குள் கேட்டு, விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பழகவேண்டுகிறோம்.

1. இவ்வாக்கியத்தின் எழுவாய் யார்? செய்தவர் பெயர் இருக்கின்றதா, மறைந்திருக்கின்றதா?

2. அவர் எண்ணிச் செய்தாரா, கை தவறிற்றா, செய்யவேண்டியதைச் செய்யாது விட்டாரா?

3. கெட்டது எந்த முறை? வரிசையா, ஒழுங்கா, உறவா, நீதியா?

4. நான்கு அகதிகளுள் அவர் நுழைந்த வாயில் எது?

5. இதே செயலை யாம் பிறருக்குச் செய்திருக்கின்றோமா? செய்திருந்தால் அப்போது அதற்கு என்ன பெயர் வைத்திருந்தோம்?

ஐந்தாம் வினாவை விட்டுவிட்டு முதல் நான்கை மட்டும் எழுதுவோர் பாடத்தை முடித்தவர் ஆகார்.